மிங்மாவில் மீட்டிங்

செகந்திராபாத் பக்கத்துப் பாலாநகரில், ஒரு காலத்தில் போல்ட்டும் நட்டும் கடைந்துகொண்டிருந்த பழைய கொட்டகையை இடித்துவிட்டு எழுப்பிய கண்ணாடிக் கட்டடம்தான் உச்சாணி சொல்யூஷன்ஸ். தரையிலிருந்து அளந்தால் நாலு மாடி. உள்ளே சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்டால் எட்டாயிரம் மீட்டர் என்பார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் அங்கே நிலைப்பதில்லை.

லிஃப்டில் தரைத்தளத்துக்கு எதிரே ‘பேஸ் கேம்ப்’ என்று எழுதியிருக்கும். நாலாவது மாடி ‘சம்மிட்’. நிறுவனர் ஜெகதீஸ்வரனின் அறையும் அவர் ஒருவர் மட்டுமே போகும் கழிவறையும் அங்கேதான் இருந்தன. சாதாரண அடையாள அட்டையைக் காட்டினால் லிஃப்ட் அங்கே நிற்காது. சம்பள உயர்வு கேட்டால் ‘இந்த உயரத்தில் ஆக்ஸிஜன் கம்மி’ என்று பதில் வரும். வேலையை விட்டு அனுப்புவதற்கு ‘இறக்கம்’ என்று பெயர். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் நாற்பது பேரை இறக்கினார்கள். பத்திரமாக இறங்கியதற்கு வாழ்த்துச் சொல்லி ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழிகாட்டும் சீனியருக்கு அங்கே ‘ஷெர்பா’ என்று பட்டம். யாங்ஜி ஷெர்பாவுக்கு முதல் நாளே வினை அதில்தான் தொடங்கியது. அவள் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்த கத்துக்குட்டி. கம்பெனியின் கணினியோ அவள் குடும்பப் பெயரைப் பதவி என்று எடுத்துக்கொண்டு, அன்று சேர்ந்த ஒரு கூட்டத்தையே அவள் தலையில் கட்டிவிட்டது. வரிசையாக வந்து பைகளை அவள் மேஜைமேல் வைத்தார்கள்.

“ஏனுங்க, அது என் பேருங்க. வேலை இல்லீங்க” என்றாள்.

நேபாளத்து மலையில் பிறந்த பெண்ணின் வாயிலிருந்து கோயம்புத்தூர்த் தமிழ் வந்ததில், பை வைத்தவர்கள் பையை எடுக்க மறந்து நின்றார்கள். அவள் இன்ஜினியரிங் படித்தது கோவையில். அண்ணன் மிங்மா மலையில் கயிறு கட்டிய கூலிதான் நாலு வருஷமும் ஃபீஸாக வந்தது. அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதற்காக யாரும் மாலை போடவில்லை. அடுத்த சீஸனுக்கு மிங்மா இன்னொரு மலைக்கு ஒத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மிங்மாவின் வேலையை அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கி விளக்கி அலுத்திருந்தாள். மலையேற ஆசைப்பட்டு வருகிறவர்கள் கூடாரத்தில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவனும் அவன் கூட்டாளிகளும் முன்னால் போவார்கள். பனி வெடிப்புகளுக்குக் குறுக்கே ஏணி போடுவார்கள். செங்குத்தான பனிச்சுவரில் ஆணி இறக்கிக் கயிறு கட்டுவார்கள். ஒவ்வோர் ஆணியிலும் மிங்மா முதலில் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பான். தாங்கினால்தான் அடுத்தது. பின்னால் வருகிறவர்கள் அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் கொடியைப் பிடித்தபடி, தங்களைத் தாங்களே வென்றுவிட்டதாகச் சொல்வார்கள். கயிறே இல்லாத இடத்துக்கு முதலில் போகிறவனுக்கு என்ன பிடிமானம் என்று எவரும் கேட்பதில்லை.

யாங்ஜி கேட்டிருக்கிறாள். “கூப்பிட்டாங்க, போறேன்” என்பான். மிங்மாவுக்கு அதற்குமேல் பேச வராது.

அவளுக்கு ஒரு கயிறுகட்டி அண்ணன் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஜெகதீஸ்வரன் அவளைச் சம்மிட்டுக்கே கூப்பிட்டார். இத்தனை வருஷம் லிஃப்டில் மட்டுமே ஏறியவர், நிஜ மலையில் ஏறுவதென்று முடிவுசெய்திருந்தார். நிறுவன நாளன்று உச்சியில் நின்று உச்சாணியின் கொடியைப் பிடிப்பது, அதை அறுநூறு ஊழியர்களும் நேரலையில் பார்த்துக் கேக் வெட்டுவது என்று திட்டம். “உங்கண்ணன் நம்ம குடும்பம்மா” என்றார். மிங்மாவைக் கூப்பிட்டார்கள். போனான்.

அதன்பின் வாராவாரம் கேன்டீன் சுவரில் மலை தெரிந்தது. பனிக்கண்ணாடி போட்ட ஜெகதீஸ்வரன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்: “ஃப்ரெண்ட்ஸ், பாதை நமக்காகக் காத்திருக்காது. நாமதான் பாதை போடணும். அதோ, எனக்கு முன்னாடி போறது ஷெர்பா நம்பர் த்ரீ!”

ஷெர்பா நம்பர் த்ரீ முதுகை வளைத்து, கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தான். அந்த நடையை உலகத்தில் எங்கே பார்த்தாலும் யாங்ஜிக்குத் தெரியும்.

மனிதவளத் தலைவர் சாரங்கபாணியிடம் போய் நின்றாள். செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே குடியேறிய குடும்பம் அவருடையது, லோத்குண்டாவில் வீடு. தமிழும் தக்கனி உருதுவும் அவர் வாயில் ஒரே குழம்பாகக் கொதிக்கும்.

“சார், அவன் பேரு மிங்மாங்க. ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லச் சொல்லுங்க. வீட்டுல அம்மாவும் போன்ல பாக்கறாங்க.”

“நக்கோ நக்கோ. வெண்டார் ஆளோட பேரை வெளியில சொல்லக் கூடாதும்மா. கான்ஃபிடென்ஷியல்.”

“எங்கண்ணன் பேரு எனக்கே கான்ஃபிடென்ஷியலுங்களா சார்?”

“உனக்கு இல்லைம்மா. மத்தவாளுக்கு.”

நிறுவன நாளுக்குச் சில நாள் முன்பு மிங்மா செத்துப்போனான்.

கயிறெல்லாம் போட்டு முடித்து, உச்சிவரை பாதை தயார் என்று சொல்லிவிட்டு இறங்கும்போது, புதுப்பனி ஒரு பாளமாகப் பெயர்ந்து அவனை இழுத்துக்கொண்டு ஒரு வெடிப்புக்குள் போய் விழுந்தது. கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. ஜெகதீஸ்வரன் அதே கயிற்றைப் பிடித்து ஏறி, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கொடியைப் பிடித்தார். கேக் வெட்டினார்கள்.

யாங்ஜி அப்போது குகட்பள்ளி ஹவுஸிங் போர்டு காலனியில் தான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியில், துவைத்த துணிகளுக்கு நடுவில், போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. அழுகிற குரல் கேட்டால் போகிறவன் நின்றுவிடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை.

“இனி ஏழு வாரம் அவன் பேரைச் சொல்லாதே. செத்துட்டோம்னு அவனுக்கே இன்னும் தெரியாது. யாராவது பேர் சொன்னா, கூப்பிடறாங்கன்னு திரும்பி வந்துடுவான். வழி தவறிடும். லாமா உக்காந்து வழி சொல்லிட்டிருக்கார். இப்படிப் போ, அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போ, பயப்படாதேன்னு.”

வாழ்நாள் முழுக்க ஊராருக்குப் பாதை போட்டவனுக்கு, இப்போது ஒரு கிழவர் உட்கார்ந்து பாதை போட்டுக்கொண்டிருந்தார். எரிக்க உடம்பு இல்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. அவனுக்காகச் செய்ய மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கூப்பிடாமல் இருப்பது. அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று யாங்ஜி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஊருக்குப் போக லீவு கேட்டாள். சாரங்கபாணி விதிமுறையைப் புரட்டிப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். உடல் கிடைக்காதவரை, மனிதவளத் துறையைப் பொறுத்தமட்டில் மரணம் நடந்ததாகக் கொள்ள முடியாது. அந்த அறையைவிட்டு அவள் வெளியே வந்தபோது, மக்கள் தொடர்புத் துறை வாசலில் ஏணி போட்டு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தது: ‘மறைந்தும் மறையாத மிங்மா!’ ஒரே கம்பெனியில் ஒரு துறைக்கு அவன் சாகவில்லை. இன்னொரு துறைக்குச் செத்த பிறகும் போகவில்லை.

ஃப்ளெக்ஸோடு நின்றிருந்தால்கூட அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் வந்திருப்பாள். ஜெகதீஸ்வரன் மலையிலிருந்து வந்தார். மூக்கு நுனி கறுத்திருந்தது. வந்த கையோடு இரண்டாம் மாடியின் பெரிய மீட்டிங் அறைக்கு ‘மிங்மா’ என்று பெயர் வைத்து ரிப்பன் வெட்டினார்.

அந்த அறைகளின் கதவில் ஒரு பெட்டி உண்டு. ஆள் நுழைந்தால், வெளியேறினால், தேன் தடவிய பெண்குரலில் அறிவிக்கும். முதல் மீட்டிங் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். பெட்டி சொன்னது: “மிங்மா ஈஸ் நௌ அவைலபிள்.”

யாங்ஜி கையிலிருந்த காபியைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த மாடியில் அவன் பெயரைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவள் டீம் லீடர் கணேஷ்குமார் மதுரைக்காரன், நல்லவன், ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. நாற்காலியிலிருந்தே கத்துவான்.

“டேய், மிங்மா ஃப்ரீயாடா?”

“மிங்மாவுல நாத்தம் அடிக்குதுண்ணே. யாரோ பிரியாணி சாப்ட்டிருக்காய்ங்க.”

“மிங்மாவுல ஏசி வேலை செய்யல. உள்ள போனா செத்துருவம்டா!”

“அப்ப மிங்மாவை மூடிட்டு வா, கீழ பேசிக்கலாம்.”

ஒவ்வொரு தடவையும் யாங்ஜி கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். எங்கோ போய்க்கொண்டிருப்பவன் நின்று, வலது காலை அகட்டித் திரும்பி, யாரு என்று பார்ப்பது அவளுக்குத் தெரியும். பார்ப்பான். ஏசி ரிப்பேர். மறுபடி நடப்பான். மறுபடி கூப்பிடுவார்கள்.

ஏழு வாரம் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சாரங்கபாணியிடம் போய் அழுதாள்.

“கைக்கும்மா, எதுக்கு அழறே? பேரைச் சொல்லலைன்னு அழுதே. சொன்னா அதுக்கும் அழறே.”

“அப்ப உசுரோட இருந்தானுங்க சார். அப்பத்தான் சொல்லச் சொன்னனுங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அம்மா போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்த ஒரு நிமிஷம் அவர் அதிகாரியாக இல்லை. “எங்காத்துல பதிமூணு நாள்ல எல்லாம் முடிஞ்சுடும். உங்களுக்கு மட்டும் ஏம்மா ஏழு வாரம்?”

“எங்களுக்குப் போற தூரம் ஜாஸ்திங்க சார்.”

“ஹவ்” என்று தலையாட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர்ப்பலகையை ஆறு மாசத்துக்கு மாற்ற முடியாது, அது பிராண்டிங் என்றார்.

யாங்ஜி டெஸ்டர். எந்த அமைப்பிலும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அன்று மாலையே தேடினாள். எந்த அறையையும் யார் வேண்டுமானாலும் எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் முன்பதிவு செய்யலாம், தடையே கிடையாது. ஏழு வாரம் முடியும்வரை அறையைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஆபீஸ் நேரத்தில் கால்மணி நேரம் உள்ளே ஆள் இல்லாவிட்டால் பெட்டி தானாக முன்பதிவை அவிழ்த்துவிட்டு “மிங்மா ஈஸ் நௌ அவைலபிள்” என்று ஊரைக் கூட்டும். அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாற்காலி போட்ட மேஜை, ஒரு ஆள். சாப்பாடும் அங்கேயே. கழிவறைக்கு ஓடிப்போய் ஓடிவந்தாள்.

பலித்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ‘அந்த ரூம்’ என்றார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். மூன்று வாரம் அந்த மாடியில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அறையில் ஏசி மட்டும் பனிக்காற்று மாதிரி உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும். போயிட்டே இரு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். பெயரைச் சேர்க்காமல்.

பிறகு சாரங்கபாணி கூப்பிட்டனுப்பினார்.

“கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. மிங்மா யாருக்கும் கிடைக்கறதே இல்லையாம். ஒரே ஆள் மிங்மாவை வச்சுண்டா எப்படிம்மா? மிங்மா எல்லாருக்கும் பொது.”

“எனக்கு அண்ணனுங்க சார்.”

அவர் கம்ப்ளெயிண்ட் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்னும் ரெண்டே வாரமுங்க. அதுக்கப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிட்டுக்கோங்க. நானே பிரியாணி வாங்கித் தர்றனுங்க.”

“நான் மேல பேசறேன்” என்றார். நிஜமாகவே பேசினார். அடுத்த நாள் அவளைத் தேடிக்கொண்டு தானே இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “உன் ஃபீலிங்க்ஸ் எல்லாத்தையும் சொன்னேன்மா. சார் கண் கலங்கிட்டார். ஏழு வாரம் அவ்வளவு முக்கியமான்னு கேட்டார். ஆமான்னேன். அப்படின்னா ஏழாவது வாரம் பெரிய ஃபங்ஷனே வைங்கன்னுட்டார்!”

வைத்தார்கள். பேஸ் கேம்ப் முழுக்க நாற்காலி. மேடையில் தெர்மோகோல் மலை, அதிலிருந்து தொங்கும் நைலான் கயிறு. கேன்டீனில் மிங்மா மோமோ. கூட்டத்தை உசுப்பேற்ற, காதோர மைக் மாட்டிய பேச்சாளர் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். முதலில் ஜெகதீஸ்வரன் பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை. அதுதான் கொடுமை.

“ஃப்ரெண்ட்ஸ், அன்னிக்குக் கயிறு போடற டீமோட லீடர் வந்து, சார், புதுப்பனி விழுந்திருக்கு, மூணு நாள் பொறுங்கன்னார். நான் சொன்னேன், நிறுவன நாளை மாத்த முடியுமா? அறுநூறு பேர் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருப்பாங்களே. கேக்குக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சே. யாரும் வாயே திறக்கலை. அப்ப ஒருத்தன் எழுந்து கயித்தைத் தோள்ல போட்டான். மிங்மா! ஒரு கேள்வி கேக்கலை. அதுக்குப் பேர்தான் ஓனர்ஷிப். நீங்கள்லாம் சனிக்கிழமை வரச்சொன்னாலே ஒன்பது கேள்வி கேக்கறீங்க.” கூட்டம் வெட்கத்தோடு சிரித்தது. “அவன் போட்ட கயிறு ஒரு இன்ச் அசையலை. அதைப் பிடிச்சுதான் ஏறினேன். நடுவுல ஒரு வெடிப்பு. சார், இந்த இடத்துல கீழ பாக்காதீங்கன்னாங்க. நான் பாக்கலை. லீடர்னா கீழ பாக்கக் கூடாது.”

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அறுநூறு பேரில் ஒருவருக்கும் காதில் விழவில்லையா, விழுந்தும் தட்டினார்களா என்று யாங்ஜிக்குப் புரியவில்லை. எழுந்துபோய்விடலாம் என்று பையை எடுத்தாள். பேச்சாளர் அவள் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி மைக்கை நீட்டினார்.

“அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை, சிஸ்டர்!”

மைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் பெயரைச் சொல்லாமல் அவனைப் பற்றி எப்படிப் பேசுவது?

“அவன் ஒரு மாதிரிங்க” என்றாள். “கூப்பிட்டா வந்துருவான். யாரு கூப்பிட்டாலும். எதுக்குன்னு கேக்க மாட்டான். காய்ச்சல்னாலும் போவான், பனின்னாலும் போவான். நீங்க கூப்பிட்டீங்க, போனான். போயே போயிட்டான். இன்னும் எதுக்குங்க கூப்பிடறீங்க? உங்க காலைப் புடிச்சுக் கேக்கறனுங்க. கூப்பிடாதீங்க. அவனுக்குத் திரும்பாம இருக்கத் தெரியாதுங்க.”

முன்வரிசையில் சாரங்கபாணி தலையைக் குனிந்துகொண்டார். கணேஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன்தான் முதலில் தட்டினான். கூடம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

“வாவ்!” என்றார் பேச்சாளர். “கேட்டீங்களா? கூப்பிட்டா வருவானாம்! என்ன கமிட்மெண்ட்! அந்த மலைக்கே கேக்கற மாதிரி நாம கூப்பிடலாமா? ஒன், டூ, த்ரீ...”

“மிங்மா!”

“சத்தம் பத்தலை!”

“மிங்மா! மிங்மா!”

யாங்ஜி மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்தாள். யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். வெளியே மெயின் ரோடு. லாரிகள், ஆட்டோக்கள், வெயில். எத்தனை ஹார்ன் அடித்தும் உள்ளேயிருந்து வருகிற சத்தம் அமுங்கவில்லை. அறுநூறு தொண்டைகள். தெர்மோகோல் மலையைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, அவனை இழுத்துக்கொண்டிருந்தன.

பையில் போன் அடித்தது. அம்மா.

“இன்னிக்கு லாமா கடைசிப் பாட்டைப் படிச்சிட்டிருக்கார்” என்றாள் அம்மா. பல வாரம் கழித்து அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. “நல்லாப் போயிட்டிருக்கான்கறார். எங்கயும் நிக்கலையாம். அங்க என்ன சத்தம்?”

யாங்ஜி போனின் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு நாலெட்டு தள்ளி நடந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“திருவிழாம்மா. பக்கத்துக் கோயில்ல.”

“நீ இருக்கற எடத்துல யாரும் அவனைக் கூப்பிடலையே?”

“இல்லம்மா” என்றாள் யாங்ஜி. “இங்க யாருக்கும் அவன் பேரே தெரியாது.”

“நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா.